உயர்ந்த ஆக்களுக்கு ‘னர்’

அந்த அலுவலகத்தின் கதவைப் பதினொரு வருடமாக ராஜினிதான் திறந்துவருகிறார். வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் ஏழே காலுக்குக் கிளிநொச்சியில் நிற்பார். யன்னல்களைத் திறப்பார், கூட்டுவார், மேசைகளைத் துடைப்பார், கேத்திலில் தண்ணீர் வைப்பார். எட்டரைக்கு எழுதுவினைஞர்கள் வரும்போது தேநீர் தயாராக இருக்கும். யாருக்குச் சீனி, யாருக்குச் சீனி இல்லை, யார் அண்மையில் நீரிழிவு என்று சொல்லிவிட்டு ஒளித்துச் சீனி கேட்பவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெயர்ப் பட்டியலில் மட்டும் அவருடைய பெயர் கடைசித் தாளில் இருந்தது. தற்காலிகச் சிற்றூழியர் என்ற தலைப்பின் கீழ்.

அவருடைய தாய் ராக்காயி, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பை விட்டு, தலையில் ஒரு பொட்டலத்துடன் வன்னிக்கு வந்தவர். வந்த இடத்தில் மற்றவர்களின் வயலில் புல்லுப் பிடுங்கினார். ராஜினி பிறந்ததும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதும் இங்கேதான். அவரும் வெங்காயம் நட்டார், அரிவு வெட்டினார், கல்லுடைத்தார். பிறகுதான் கூட்டுகிற இந்தத் தும்புத்தடி கிடைத்தது. வெயிலில்லாத வேலை என்று அவர் அதைச் சொல்வார்.

வைகாசிக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டாத தற்காலிகச் சிற்றூழியர்கள் ஒரு பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். தமிழ், கணக்கு, பொது அறிவு. எல்லாக் கேள்விக்கும் நான்கு விடை இருக்கும். மிகப் பொருத்தமானதன் கீழ்க் கோடிட்டால் போதும். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் நிரந்தரம். எடுக்காதவர்களின் சேவை வருட முடிவோடு நிற்கும். ராஜினிக்கு நாற்பத்து நான்கரை வயது. அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்ல அடுத்த முறை இல்லை.

“எனக்குக் கணக்கு வரும், பிள்ளை,” என்றார் மகள் யதுர்ஷிகாவிடம். “தமிழ்தான் பயம்.”

“தமிழுக்கோ பயம்? வாயைத் திறந்தா நிப்பாட்டாம கதைக்கிறனீங்கள்.”

“கதைக்கிறது வேறை. உவங்கள் கேக்கிறது வேறை.”

யதுர்ஷிகா தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவள். அவர்கள் வீடிருந்த ஒழுங்கையிலேயே பட்டம் பெற்ற முதல் ஆள். பட்டமளிப்புப் படம் வீட்டுச் சுவரில் இருந்தது. வேலை மட்டும் இரண்டு வருடமாக இல்லை. பரந்தனில் ஒரு ரியூசன் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தாள். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவளுக்கு ஒரு அம்மா எந்த மூலைக்கு என்று நினைத்தாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு வகுப்பு. குசினி வாசலில் ராஜினி தேங்காய் துருவுவார். யதுர்ஷிகா கதிரையில் இருந்து வாக்கியங்களை வாசிப்பாள். நெல் ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு வரும் தகப்பன் சிவராசா, முகம் கழுவுகிற சாட்டில் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“நான் நாளை வந்தேன். இதில என்ன பிழை?”

“பிழை இல்லையே. எங்கட கட்டடத்துக்குப் பூச்சுப் பூச வந்த ஒப்பந்தக்காரர் அப்பிடித்தான் கதைக்கிறவர். நாளைக்கு முடிஞ்சுது, மிஸ், நாளைக்கு முடிஞ்சுது எண்டு ஆறு மாசம்.”

“அம்மா!”

“சரி, சரி. நாளை வருவேன்.”

“ஒவ்வொரு வீடுகளிலும் விளக்கு எரிந்தது.”

“நல்ல விசயம்தானே.”

“ஒவ்வொரு எண்டு வந்தா வீடு ஒண்டுதான் அம்மா. ஒவ்வொரு வீட்டிலும்.”

“அது மற்ற வீடுகளிலயும் எரிஞ்சா?”

கிணற்றடியில் சிவராசா சிரித்தார். “சரியாத்தானே கேக்கிறாள். ஒரு வீட்டில எரிஞ்சா அதை ஏன் எழுதுறாங்கள்?”

ஆனால் ராஜினி மறக்கிறவர் அல்ல. ஒரு தடவை பிழை என்று சொன்னால் அடுத்த நாள் அதில் பிழை வராது. இரண்டாம் கிழமை யதுர்ஷிகா திணைக்கு வந்தாள். வகுப்பில் அதை அவள் அரை மணித்தியாலம் படிப்பிப்பாள். வீட்டில், ரியூசனுக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில், இரண்டே வரியில் முடித்தாள்.

“திணை ரெண்டு, அம்மா. உயர்திணை, அஃறிணை. உயர்திணைக்கு ‘னர்’ போடுங்கோ. ஆசிரியர்கள் வந்தனர். அஃறிணைக்கு ‘ன’ போடுங்கோ. மாடுகள் வந்தன. விளங்கிச்சுதோ?”

“ஓம், ஓம். விளங்குது.”

அன்றைக்குக் கொடுத்த பத்தும் சரி. மரங்கள் முறிந்தன. வைத்தியர்கள் பரிசோதித்தனர். கிளிகள் பறந்தன. யதுர்ஷிகா பஸ்ஸில் இருந்து மனதுக்குள் அம்மாவுக்குக் கைதட்டினாள்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, திணையிலேயே முப்பது வாக்கியங்கள் எழுதி மாதிரித் தாள் ஒன்று செய்துகொடுத்தாள். ஞாயிறு பின்னேரம் அதைத் திருத்தியபோது ஒன்பது பிழை. சினம் வந்தது.

“அரை நித்திரையில செய்தனீங்களோ, அம்மா? பத்துக்குப் பத்து எடுத்த ஆள் இப்ப ஒன்பது பிழை விட்டிருக்கிறீங்கள்.”

“ஒன்பதோ?” ராஜினி உண்மையாகவே திடுக்கிட்டார். “நான் யோசிச்சு யோசிச்சல்லோ போட்டனான்.”

யதுர்ஷிகா பிழைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவதில் குரல் தாழ்ந்தது. ஐந்தாவதில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, தாளைத் திருப்பி, சரியான விடைகளைப் பார்த்தாள். பிறகு மறுபடி பிழைகளை.

எழுதுவினைஞர்கள் கடிதம் எழுதினர். சரி. அதற்குக் கீழே, சிற்றூழியர்கள் மண்டபத்தைக் கூட்டின. விவசாயிகள் நெல் விதைத்தனர். சரி. அரிவு வெட்டுபவர்கள் கதிர் அறுத்தன. முதலாளிகள் கூடிப் பேசினர். கூலியாட்கள் வேலைக்குச் சென்றன. தோட்டத் தொழிலாளர்கள் கொழுந்து பறித்தன. அகதிகள் மர நிழலில் உறங்கின. ஒரு கேள்வியில் அம்மா கோடிட்டு, அழித்து, மறுபடி கோடிட்டு, அதையும் அழித்திருந்தார். நோயாளர்கள் வரிசையில் நின்றனர், நின்றன. தாள் அந்த இடத்தில் மெலிந்து ஓட்டை விழப் பார்த்தது.

கவனக்குறைவாகப் பிழை விட்டால் அங்கொன்று இங்கொன்றாக விழும். இந்த ஒன்பதும் ஓர் ஒழுங்கில் விழுந்திருந்தன.

“அம்மா,” என்றாள். “கூலியாட்களுக்கு ஏன் ‘ன’ போட்டனீங்கள்?”

“அதுதானே சட்டம்.”

“என்ன சட்டம்?”

“நீதானே சொன்னனீ. உயர்திணைக்கு ‘னர்’ எண்டு. உயர்ந்த ஆக்கள். மற்ற ஆக்களுக்கு மற்றது.”

ராஜினி இதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். தேங்காய்ச் சிரட்டையைத் தட்டி, ஒட்டியிருந்த பூவை விரலால் வழித்தெடுத்தார். ‘இதைக்கூடவா விளக்க வேண்டும்’ என்ற முகம்.

“மற்ற ஆக்களோ?”

“ஓம். கூட்டுற ஆக்கள், வெட்டுற ஆக்கள். நாங்கள்.”

யதுர்ஷிகாவுக்கு முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. நாலு வருடம் இலக்கணம் படித்தவள். தேர்வுகளில் திணை, பால், எண், இடம் என்று பக்கம் பக்கமாக எழுதியவள். உயர்திணை என்ற சொல்லை எத்தனையோ ஆயிரம் தடவை உச்சரித்திருக்கிறாள். அதற்குள் ‘உயர்’ என்று ஒன்று இருப்பதை, அதை ஒருவர் கேட்டு, தான் அதில் அடங்கமாட்டேன் என்று அமைதியாக ஒதுங்கிப்போகக்கூடும் என்பதை, அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

“நோயாளர் எண்ட கேள்வியை ஏன் அழிச்சழிச்சுப் போட்டனீங்கள்?” வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டாள்.

“அதுதான் குழப்பம். காசு கட்டுற ஆஸ்பத்திரியோ, தர்மாஸ்பத்திரியோ எண்டு நீ எழுதேல்லையே.”

கிணற்றடியில் சிவராசா வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அம்மா, மனிசர் எல்லாரும் உயர்திணை. நீங்களும் உயர்திணை. அப்பாவும்.”

“அது சரி பிள்ளை, மனிசர்தான். ஆனா கதைக்கிற விதம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ. ‘அதுகள் இன்னும் வரேல்லையோ, அதுகளிட்டச் சாவியைக் குடுத்துவிடுங்கோ’ எண்டுதானே எங்களைச் சொல்லுறவை. ஒஃபிஸ் பெரியவர் வந்தா ‘அவர் வந்திட்டார்’. நாங்கள் வந்தா ‘அதுகள் வந்திட்டுதுகள்’. தமிழ் படிச்ச ஆக்கள்தானே எல்லாரும். பிழையாவே கதைப்பினம்?”

“ஆர் அப்பிடிச் சொல்லுறது? உங்கட ஒஃபிஸ் கமலாசனி மிஸ்ஸோ?”

“மிஸ்ஸும்தான். எல்லாரும்தான்.” ராஜினி கொஞ்சம் தயங்கினார். “நீயும்தானே.”

“நானோ? நான் எப்ப?”

“அண்டைக்கு ஃபோனில. உன்ர யூனிவேர்சிட்டிச் சிநேகிதியோட. ‘வீட்டில இருக்கிறதுகளுக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது’ எண்டு.”

“இல்லை. நான் அப்பிடிச் சொல்லேல்ல.”

“சொன்னாத்தான் என்ன, பிள்ளை. உண்மைதானே. எனக்குக் கோவமில்லை.”

கோபம் இல்லை என்பதுதான் அடித்தது. அம்மா ஏசியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பாள். ராஜினியின் குரலில் குற்றச்சாட்டே இல்லை. படித்த மகளின் வாயிலிருந்து கேட்டதை, இலக்கணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாக, அவர் எடுத்துச் சொன்னார்.

யதுர்ஷிகா தாளை மடித்துக்கொண்டு எழுந்து ஒழுங்கைக்குப் போனாள். வாய்க்கால் கட்டில் நின்றாள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சொன்னாள்தான். மாசியில். மேற்படிப்பைப் பற்றிச் சிநேகிதி கேட்டபோது சொன்னது. அந்த வசனம் எப்படி வாயில் வந்தது? விடுதியில் இருந்த நாலு வருடமும் ‘உங்கட இடம் எது’ என்று கேட்டவர்களுக்கு ‘வட்டக்கச்சி’ என்று சொல்லி நிறுத்தியவள் அவள். அப்பாவும் அம்மாவும் வட்டக்கச்சியில் காணிக்காரர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டபோது அதைத் திருத்தவில்லை. மற்றவர்கள் வயல் வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி ‘அதுகள்’ என்று கதைக்கும்போது தலையாட்டியிருக்கிறாள். முதலில் தலை ஆடியது. பிறகு நாக்கும் பழகிவிட்டது போலும். எந்த நாளில் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பரீட்சை அனுமதி அட்டையை வாங்கும் சாட்டில் அவள் அலுவலகத்துக்குப் போனாள். உண்மையில் ஒரு சண்டைக்குத்தான் போனாள். கமலாசனி அங்கே தலைமை எழுதுவினைஞர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. பஸ்ஸில் வரும்போதே யதுர்ஷிகா வசனத்தைத் தயார்செய்திருந்தாள்: ‘மிஸ், என்ர அம்மா அது இல்லை, அவர்.’

“வா பிள்ளை, இரு,” என்றார் கமலாசனி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. “அட்டை வந்திட்டுது. என்ன பாடுபட்டு எடுத்தனான் தெரியுமே? மேலிடத்தில பெயர்ப் பட்டியலில கொம்மாவை விட்டிட்டாங்கள். வயது கூட எண்டு. நான் விடேல்ல. பிறந்த சேர்ட்டிபிக்கேற்றை ஸ்கான் பண்ணி அனுப்பி, மூண்டு தரம் ஃபோன் எடுத்து, ‘பதினொரு வருசமா எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்ததுகள், பாவம் அதுகள், அதுகளை நடுத்தெருவில விடுறீங்களோ’ எண்டு பேசினனான்.”

யதுர்ஷிகாவின் வசனம் வாய்க்குள் நின்றது.

“அதுகளுக்கு நீ வடிவாச் சொல்லிக்குடு. இந்தா, பழைய பேப்பர் ரெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்.” கமலாசனி மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே இரண்டு சின்னப் பிள்ளைகளின் படம் கண்ணாடித் தாளில் இருந்தது. “என்ர பேரப்பிள்ளையள். கனடாவில. ஆவணியில வருதுகளாம். தமிழ் ஒரு சொல்லுக் கதைக்குதுகளில்லை, ஆனா ஃபோனில என்னைக் கண்டாச் சிரிக்குதுகள்.”

அதே சொல். அதே முடிவு. பேரப்பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் கமலாசனி ஒரே வினையைப் போட்டார், ஒரே குழைவோடு. இதில் எதைப் பிழை என்று கோடிடுவது? ஆனால் பெரியவர் அறையைவிட்டு வெளியே வந்தபோது “சேர் வாறார்” என்றுதான் கமலாசனி எழும்பினார். யதுர்ஷிகா அனுமதி அட்டையையும் தாள்களையும் வாங்கிக்கொண்டு, “நன்றி, மிஸ்” என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அன்று பின்னேரம் திணையை முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை பஸ்ஸுக்கு அவசரப்படவில்லை.

“உயர்ந்தது தாழ்ந்தது எண்டதை மறவுங்கோ, அம்மா. மனிசர் எண்டா ‘னர்’. அவ்வளவுதான்.”

“கள்ளருக்கும்?”

“ஓம். கள்ளர்கள் ஓடினர்.”

“குடிச்சிட்டு மனிசியை அடிக்கிறவங்களுக்கும்?”

“ஓம்.”

“மாடு பால் தருது. அதுக்கு இல்லை?”

“இல்லை, அம்மா.”

“உந்தச் சட்டம் ஆர் செய்தது?”

“அப்ப எனக்கும் ‘னர்’தானே?” என்றபடி சிவராசா கிட்ட வந்தார். “கேட்டியோ ராஜினி, இனிமேல் ‘இந்த மனுசன் வந்திட்டுது’ எண்டு சொல்லப்படாது. ‘வந்தனர்’ எண்டு சொல்லோணும்.”

“நீங்கள் ஒரு ஆள். ‘வந்தார்’,” என்றார் ராஜினி பட்டென்று. யதுர்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். ஒருமை பன்மையைச் சரியாகப் பிடித்துவிட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

மிச்சமிருந்த நாளெல்லாம் அவள் கூலியாட்களையும் தொழிலாளர்களையும் அகதிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்தாள். ராஜினியின் பென்சில் ஒவ்வொரு தடவையும் முதலில் ‘ன’வுக்குப் போய், அங்கே ஒரு கணம் நின்று, பிறகு ‘னர்’ பக்கம் நகர்ந்தது. அந்த ஒரு கணத்தைப் பார்க்க யதுர்ஷிகாவுக்குத் தாங்கவில்லை. அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் நடந்தது. படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் யதுர்ஷிகா காத்திருந்தாள். உள்ளே போனவர்கள் எல்லாரும் அம்மாவின் வயதுக்காரர்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட காவலாளிகள், கொண்டையில் பூ வைத்த பெண்கள். தலையணையின் கீழ் அழுத்தி மடித்த கோடு தெரியும் சேலைகள். பதினொன்றரைக்கு மணி அடித்தது. ராஜினி பென்சிலைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

“அம்மா, எப்பிடி?”

“கணக்கு லேசு. தமிழில அதே மாதிரி ஒண்டு வந்தது, பிள்ளை. தொழிலாளர்கள் வீதியைத் திருத்தி… எண்டு.”

“என்ன போட்டனீங்கள்?”

“திருத்தினர்.”

யதுர்ஷிகா அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. தன் பட்டத்தால் இந்த உலகில் நடந்த முதல் உருப்படியான காரியம் இதுதான் என்று தோன்றியது.

“பேப்பருக்கு அப்பிடித்தானே போடோணும்,” என்றார் ராஜினி. சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தார். “பயப்பிடாத. எந்த இடத்தில என்ன சொல்லோணும் எண்டு எனக்குத் தெரியும்.”

யதுர்ஷிகாவின் கைகள் பிடித்த இடத்திலேயே வெறுமையாய் நின்றன.

ஐப்பசியில் முடிவு வந்தது. ஐம்பத்தேழு. கமலாசனிதான் முதலில் அழைத்தார். ஒலிபெருக்கி இல்லாமலே வீடு முழுக்கக் கேட்டது. சிவராசா ஒழுங்கையில் இருந்த எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். ஜனவரி முதலாந் திகதி நிரந்தர நியமனக் கடிதத்தோடு ராஜினி வேலைக்குப் போனார். அன்றைக்கும் ஏழே காலுக்குத்தான் போனார். கதவு திறக்கும் வேலை இனி அவருடையது இல்லை என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்களாம். இனிக் கடிதக் கோவைகளை அறைக்கு அறை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கூட்டுவதற்கு வேறு ஆட்களை எடுத்திருந்தார்கள்.

பின்னேரம் மூன்று பேரும் குசினியில் இருந்து சாப்பிட்டார்கள். ராஜினி முதல் நாள் கதையை விலாவாரியாகச் சொன்னார். தனக்கு ஒரு கதிரை தந்ததை, அதில் இருக்கக் கூச்சப்பட்டு மத்தியானம் வரை நின்றதை.

“புதுசா ரெண்டு வந்திருக்குதுகள்,” என்றார், குழம்பை ஊற்றிக்கொண்டே. “தற்காலிகம்தான். பூநகரிப் பக்கத்துப் பெட்டையள். தும்புத்தடியைச் சரியாப் பிடிக்கவும் தெரியேல்ல. மத்தியானம் பாத்தா, சாப்பாடு கொண்டுவராம கிணத்தடியில குந்திக்கொண்டிருக்குதுகள்.”

யதுர்ஷிகா சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தாள். அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கமலாசனி மிஸ் பேரப்பிள்ளைகளைச் சொன்ன குழைவு அதில் இருந்ததா? ஆட்களைக் கீழே வைத்துச் சொல்லும் மற்றக் குரலா? பார்த்துக்கொண்டே இருந்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. சிவராசா ஒன்றும் கவனியாமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளையளின்ர பேர் என்ன, அம்மா?”

ராஜினி கரண்டியைப் பிடித்தபடி யோசித்தார்.

“பேர் கேக்கேல்லையே, பிள்ளை,” என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, “நாளைக்கு ரெண்டு சாப்பாட்டுப் பார்சல் கூடக் கட்டோணும். ஒண்டு மீன் மச்சம் சாப்பிடாதாம். அதைக் கேட்டனான்.”